உங்கள் பாதுகாப்பு நிறைவடைந்தது

அந்தக் கம்பெனி மீது எனக்கு எந்த வருத்தமும் கிடையாது. கோடிக்கணக்கான பேர் கையில் போனைக் கொடுத்துத் தலை குனிய வைத்தவர்கள் அவர்கள். குறை சொன்னால் வாய் வெந்துவிடும். நடந்ததை நடந்தபடி சொல்லிவிட்டுப் போகிறேன். நடுவில் கோபம் வந்தால் அது என் சுபாவம், பொருட்படுத்த வேண்டாம்.

ரொட்டி வேன் ஓட்டுகிறவர் ஒருவர். விடிந்ததும் பேக்கரியில் சரக்கை ஏற்றிக்கொண்டு கடை கடையாக இறக்கிப் போடுவது அவர் வேலை. அவருடைய மனைவி ஒரு சூப்பர் மார்க்கெட்டில் பில் போடுகிறவள். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை நோய். இன்சுலின் இல்லாமல் ஒரு வேளைச் சாப்பாடு கிடையாது. இத்தனை வருஷத்தில் உடம்புக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்திருந்தது. சர்க்கரை மளமளவென்று இறங்கினால் மற்றவர்களுக்குக் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிடும். அவளுக்கு ஒன்றும் தெரியாது. "நல்லாத்தானே இருக்கேன்" என்பாள், அடுத்த நிமிஷம் சரிந்து விழுவாள். ஒருமுறை தக்காளியைத் தராசில் வைத்த கையோடு கவுண்டருக்குப் பின்னால் விழுந்து, மண்டையில் தையல் போட்டார்கள். இன்னொரு தடவை விழுந்தால் எழுந்திருப்பாள் என்பதற்கு நான் உத்தரவாதம் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகுதான் சென்சார் வந்தது. காசு அளவில் ஒரு வில்லை, மேல்கையில் ஒட்டியிருக்கும். அது சதா சர்க்கரையை அளந்து, அவள் யூனிபார்ம் பையில் இருக்கும் போனுக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சர்க்கரை இறங்கத் தொடங்கினால் போன் அலறும். கூடவே கணவருடைய பட்டன் போனுக்கு ஒரு குறுஞ்செய்தியும் போகும். அவள் பில் போடுவதை நிறுத்திவிட்டு ஜூஸ் குடிப்பாள். வரிசையில் நிற்பவர்கள் முறைப்பார்கள். நாலு வருஷம் இப்படியே ஒரு வம்பும் இல்லாமல் ஓடியது. போன் பழசுதான், கண்ணாடியில் ஒரு கீறலும் உண்டு. ஆனால் அலற வேண்டிய நேரத்தில் அது ஒரு நாளும் அலறாமல் இருந்ததில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை அதில் ஒரு செய்தி வந்தது.

'அன்புடையீர், உங்கள் போனுக்கான பாதுகாப்பு அப்டேட் காலம் இனிதே நிறைவடைந்தது. பாதுகாப்பில்லாத போனில் உங்கள் உடல்நலத் தகவல்கள் கசிய வாய்ப்பிருப்பதால், உங்கள் பாதுகாப்புக்காக, ஆபத்து எச்சரிக்கை இன்று முதல் நிறுத்தப்படுகிறது. நலமுடன் இருங்கள்.' கீழே ஒரு சிவப்பு இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

"யாருக்குப் பாதுகாப்பாம்?" என்றாள் மனைவி.

"உனக்குத்தான்னு போட்டிருக்கு."

"என் சர்க்கரை எத்தனைன்னு தெரிஞ்சு எந்தத் திருடன் என்னங்க பண்ணப் போறான்? டீயில கம்மியாப் போட்டுக் குடுப்பானா?"

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாகச் சொல்வார்கள். அந்த ஓநாய்க்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தால் இப்படித்தான் எழுதியிருக்கும். வேன்காரர் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தார். விரலைக் குத்தி ரத்தம் பார்க்கிற மிஷின் வீட்டில் இருந்தது. ஆனால் எப்போது இறங்கும் என்று தெரிந்தால்தானே எப்போது குத்துவது என்று தெரியும். அவள் பில் மிஷினைத் தட்டுவாளா, விரலைக் குத்திக்கொண்டே இருப்பாளா?

விஷயம் தெரிந்து மனைவியின் தம்பி ஓடி வந்தான். "இதுக்குப் போயா மாமா கவலைப்படறீங்க? என் போனை வச்சுக்குங்க. போன வாரம் வாங்கினது. அக்காவுக்கு இல்லாததா?" என்று சொல்லிப் பளபளக்கிற போனை நீட்டினான். பாசக்காரப் பையன். சென்சார் செயலியை அதில் ஏற்றிப் பார்த்தார்கள். 'இந்தப் போன் மிகவும் புதியது. எங்கள் பரிசோதனை முடியும்வரை பொறுத்திருங்கள்' என்று அது சொன்னது. வேன்காரர் சென்சார்காரர்களுக்குப் போன் போட்டார். பாட்டெல்லாம் முடிந்து ஒரு பெண் குரல் வந்தது.

"மருத்துவ விஷயம் சார், அவசரப்பட முடியாது. ஒரு போனைச் சோதிச்சு முடிக்க எங்களுக்குக் குறைஞ்சது மூணு வருஷம் ஆகும்."

"சோதிச்சு முடிச்ச போன் ஏதாவது இருக்காம்மா?"

"நிறைய இருக்கே சார்!" அந்தப் பெண் பெருமையோடு ஒவ்வொன்றாகப் பெயரைச் சொன்னாள். தம்பி ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். எல்லாப் போனுக்கும் அப்டேட் நிறைவடைந்திருந்தது.

"அம்மா, நீங்க சோதிச்சு முடிக்கறதும் அவங்க கை கழுவறதும் ஒரே நாள்ல நடக்குமா?"

"அப்படிச் சொல்லிட முடியாது சார். சில போனுக்கு நடுவுல ஒரு வாரம் கிடைக்கும். அந்த வாரத்துல இருக்கற வாடிக்கையாளர்கள் ரொம்பத் திருப்தியா இருக்காங்க."

"அப்ப இத்தனை நாள் எங்க போன் எப்படி வேலை செஞ்சுது?"

"இத்தனை நாள் பாதுகாப்பு விதி இல்லாம இருந்துச்சு சார். இப்பத்தான் வந்திருக்கு. போன் கம்பெனிக்காரங்க ஒரே ஒரு அப்டேட் குடுத்துட்டா நாங்க உடனே திறந்துவிட்டுடுவோம். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?"

நாயைக் கண்டால் கல்லைக் காணோம், கல்லைக் கண்டால் நாயைக் காணோம். வேன்காரர் பேக்கரியில் லீவு சொல்லிவிட்டு, பழைய போனைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போன் கம்பெனிக்குக் கிளம்பினார். போகிற வழியில் சூப்பர் மார்க்கெட் நம்பருக்கு ஒரு போன்.

"எப்படி இருக்க?"

"இப்பத்தானே வீட்ல பார்த்தீங்க? உயிரோட இருக்கேன். வைங்க."

கம்பெனியின் பாதுகாப்பு அப்டேட் பிரிவுக்குத் தனிக் கட்டடம். வெளியெல்லாம் கண்ணாடி. வாசலில் ஒரு காவலர் கையில் கருவியோடு நின்றார். போனை அதில் காட்டியதும் சிவப்பு விளக்கு எரிந்து மணி அடித்தது. காவலர் இரண்டடி பின்னால் போனார்.

"பாதுகாப்பு அப்டேட் இல்லாத போன் இந்தக் கட்டடத்துக்குள்ள வரக் கூடாது சார்."

"அந்த அப்டேட் போடத்தாங்க வந்திருக்கேன்."

"நல்லது. போட்டுட்டு வாங்க."

"எங்க போடணும்?"

"உள்ளதான்."

வேன்காரர் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். காவலர் முகத்தில் கேலியும் இல்லை, குரோதமும் இல்லை. பின்னால் வந்தவர்களுக்கும் இதையே இதே குரலில் சொன்னார். கடைசியில் பழைய போனை ஒரு இரும்புப் பெட்டிக்குள் இடுக்கியால் எடுத்து வைத்துப் பூட்டினார்கள். வேன்காரரின் பட்டன் போனைக் கருவியில் காட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது.

"இதுல கெட்டுப்போறதுக்கு ஒண்ணுமே இல்ல," என்று காவலர் மெச்சிக்கொண்டார். "தாராளமா எடுத்துட்டுப் போங்க."

உள்ளே முதல் அறையில் ஒரு மேடம் இருந்தார். மேஜை மேல் 'ஆதரவு நிறைவு அலுவலர்' என்று பலகை, பக்கத்தில் கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு பெட்டி நிறையக் காகிதக் கைக்குட்டைகள். வேன்காரர் உட்கார்ந்ததும் ஒரு கைக்குட்டையை உருவி அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"எத்தனை வருஷமா உங்க கூட இருந்துச்சு?"

"நாலு வருஷம் மேடம். ஆனா அது இன்னும் நல்லாத்தான்…"

"எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க. மனசு ஒத்துக்காது." அவரும் ஒரு கைக்குட்டையை உருவிக்கொண்டார். "சிலர் நாங்க ஆதரவை நிறுத்திட்டோம்னு பேசறாங்க. நாங்க எதையும் நிறுத்தறதே இல்ல சார். நிறைவு செய்றோம். ஒரு போன் எங்க பார்வையில முழுமை அடைஞ்சிடுச்சுன்னா, அதுக்கு மேல அதுல கை வைக்கறது அந்தப் போனையே அவமானப்படுத்தற மாதிரி."

"மேடம், என் மனைவிக்குச் சர்க்கரை திடீர்னு இறங்கிடும். அந்தப் போன் கத்தலைன்னா யாருக்கும் தெரியாது. ஒரே ஒரு அப்டேட் குடுத்தா போதும்."

"புரியுது. போனைக் காட்டுங்க."

"வாசல்ல வாங்கி வச்சிட்டாங்க."

"கரெக்ட். அது உள்ள வரக் கூடாது."

"அப்ப எப்படிக் காட்டறது?"

"கண்ணால பார்க்காம நான் எப்படி சார் ஒரு முடிவுக்கு வர்றது? நாளைக்கு ஏதாவது தப்பாயிட்டா?" யோசித்துவிட்டு அவரே வழி சொன்னார். "ஒரு போட்டோ கொண்டாங்க. முன்பக்கம், பின்பக்கம். பின்னணி நீலமா இருக்கணும்."

வேன்காரர் இரும்புப் பெட்டியிலிருந்து போனை வாங்கிக்கொண்டு தெருக்கோடி ஸ்டுடியோவுக்குப் போனார். ஸ்டுடியோக்காரர் போனை நாற்காலியில் ஒரு தலையணை மேல் சாய்த்து வைத்து, குடையும் விளக்கும் பிடித்து எடுத்துக் கொடுத்தார். "கல்யாணத்துக்கா?" என்று மட்டும் கேட்டார். நடுவில் மனைவிக்கு ஒரு போன். பக்கத்துக் கவுண்டர் பெண் எடுத்தாள்.

"அக்கா பில் போட்டுக்கிட்டிருக்காங்கண்ணே."

"முகம் எப்படி இருக்கு? வேர்த்திருக்கா?"

"மூணு பேர் வரிசையில நிக்கறாங்க. கடுகடுன்னு இருக்கு. எப்பவும் போலத்தான்."

போட்டோவை மேடம் விளக்கடியில் வைத்துப் பார்த்தார். கீறல் இருந்த இடத்தை விரலால் தடவி 'உச்' கொட்டினார். பிறகு, அப்டேட்டுக்கு முதலில் சில்லுக் கம்பெனி தன் பங்கைக் கொடுக்க வேண்டும், போனுக்கு மூளையே சிப் என்கிற அந்தச் சில்லுதான், அவர்கள் கொடுக்காமல் நாங்கள் எதையும் செய்ய முடியாது, மாடியில் கேளுங்கள் என்று அனுப்பி வைத்தார்.

மாடியில் ஒரு நீள மேஜை. ஒரு முனையில் சில்லுக் கம்பெனியின் பிரதிநிதி, மறுமுனையில் போன் கம்பெனியின் பிரதிநிதி. நடுவில் கண்ணாடித் தடுப்பு. தடுப்பில் ஒரு சின்ன ஓட்டை இருந்தது. வேன்காரர் போன நேரத்தில் அந்த ஓட்டை வழியாக ஒருவர் இன்னொருவருக்குப் பிஸ்கட் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"நாங்க குடுக்க மாட்டோம்னு சொல்லவே இல்லையே," என்றார் சில்லுக்காரர். "அவங்க கேக்கறதை நிறுத்திட்டாங்க. கேக்காம குடுக்கற பழக்கம் எங்களுக்கு இல்ல."

"நாங்க கேக்க மாட்டோம்னு சொல்லவே இல்லையே," என்றார் போன்காரர். "அவங்க குடுக்கறதை நிறுத்திட்டாங்க. குடுக்காதவங்ககிட்டக் கேக்கறது மரியாதையா இருக்குமா?"

வேன்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "சார், இப்ப ரெண்டு பேரும் இங்கதானே இருக்கீங்க. நீங்க கேளுங்க. அவர் குடுக்கட்டும்."

இரண்டு பிரதிநிதிகளும் ஒருவரை ஒருவர் முதல் தடவையாகப் பார்ப்பவர்கள் போலப் பார்த்துக்கொண்டார்கள்.

"அது எங்க அதிகாரத்துல இல்ல," என்றார் போன்காரர் கடைசியில். "கேக்க வேண்டியது அந்த மாடலோட குழு."

"அந்தக் குழு எங்க இருக்கு?"

"புது மாடலுக்கு மாத்திட்டாங்க."

"அவங்களை எங்க பார்க்கலாம்?"

போன்காரர் கழுத்தில் தொங்கிய அட்டையைத் திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் பழைய மாடலின் எண்ணும் 'குழுத் தலைவர்' என்ற எழுத்தும் இருந்தன. படம் அவருடையதுதான், முடி கொஞ்சம் அதிகம்.

"அப்ப நீங்கதானே சார் அது!"

"நான்தான் அது. ஆனா இப்ப நான் அது இல்ல." அட்டையைத் திரும்பவும் சரியாகப் போட்டுக்கொண்டார். "புது மாடலுக்கு வந்ததும் பழசைப் பத்தி எனக்கு எதுவும் ஞாபகம் இருக்கக் கூடாது. அது கொள்கை. நீங்க எந்தப் போனைப் பத்திப் பேசறீங்கன்னே எனக்குத் தெரியலை."

"போட்டோ பாருங்க சார்."

அவர் போட்டோவைப் பார்த்தார். ஒரு கணம் முகம் மாறியது. "நல்ல போன் அது. ராத்திரி பகல் பார்க்காம செஞ்சோம்" என்று மெல்லச் சொன்னார். சில்லுக்காரர் தொண்டையைக் கனைத்தார். உடனே போன்காரர் போட்டோவைக் கவிழ்த்து வைத்துவிட்டு, பயனாளர் கருணைக் குழுவுக்கு விண்ணப்பித்தால் ஏதாவது வழி பிறக்கலாம், ஆனால் பயனாளரே நேரில் வர வேண்டும் என்றார்.

மூச்சுகூட விடாமல் படி இறங்கி வேன்காரர் திரும்பவும் போன் போட்டார்.

"சாப்பிட்டியா?"

"இதோட இன்னிக்கு எத்தனையாவது தடவை? மேனேஜர் என்னைப் பார்க்கற பார்வையே சரியில்லை. விழுந்தா தெரியும், சத்தம் கேக்கும். வைங்க."

அவர் வைத்தார். வைத்த கை உடனே இன்னொரு தடவை நம்பரைத் தட்டப் பார்த்தது, அடக்கிக்கொண்டார். கருணைக் குழு கூடும் வரைக்கும் அந்த வாரம் அவருக்கு எங்கேயும் கால் பாவவில்லை. கேக் கடைக்குப் போக வேண்டிய சரக்கை ஆஸ்பத்திரி கேன்டீனில் இறக்கிவிட்டு, கிரீம் கேக்குகளை நோயாளிகள் கொண்டாடித் தீர்த்த பிறகு வசை வாங்கினார். சிக்னலில் பச்சை விழுந்தும் நின்றார். பட்டன் போன் சும்மா இருந்தால் பயம், அடித்தால் அதைவிடப் பயம். மனைவி வீட்டில் குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "சோப்பு இருக்கா?" என்பார். "இருக்கு." கொஞ்ச நேரம் கழித்து, "துண்டு?" என்பார். உள்ளேயிருந்து ஒரு செம்புத் தண்ணீர் கதவில் வந்து மோதும். அந்தச் சத்தம் கேட்டால் அவருக்கு நிம்மதியாக இருக்கும்.

கருணைக் குழு கூடுகிற அறையில் கால் புதையும் கம்பளமும் குளிரும் இருந்தன. நடுவில் இயக்குநர். இரண்டு பக்கமும் மேடமும் மாடி மேஜைக்காரர்கள் இருவரும். சுவரில் 'உங்கள் பாதுகாப்பே எங்கள் மூச்சு' என்று எழுதியிருந்தது. உள்ளே நுழையும்போது காவலர் மனைவியின் கைப்பையில் இருந்த ஜூஸ் டப்பாவை எடுத்துக்கொண்டார். அறைக்குள் கம்பெனியின் புதுப் போன்கள் இருக்கின்றன, திரவப் பொருள் ஆகாது என்றார். வேன்காரர் சட்டைக்குள் இன்னொரு டப்பாவை ஒளித்து வைத்திருந்தார். வாழ்க்கையில் அவர் செய்த முதல் கடத்தல் அது.

மனைவி பிரச்சினையை ரெண்டே வாக்கியத்தில் சொன்னாள். இயக்குநர் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு பேசத் தொடங்கினார்.

"நல்லா ஓடற போனை ஏன் சார் கைவிடறீங்கன்னு ஜனங்க கேக்கறாங்க. நல்லா ஓடறதுதாம்மா பிரச்சினையே. கெட்டுப்போன போனை நாங்க ஏன் கைவிடணும்? அது தானாவே போயிடும்."

"ஒத்துக்கறாரு பாருங்க," என்று மனைவி கணவரின் காதில் முணுமுணுத்தாள்.

"பாதுகாப்புன்னா என்ன? திருடன் வராம இருக்கறதா? இல்ல. திருடன் வந்துடுவானோங்கற நெனப்பு வாடிக்கையாளருக்கு இருந்துக்கிட்டே இருக்கணும். கவலை இல்லாதவன் கடைப்பக்கம் வருவானா? அந்தக் கவலையை நாங்க கண்ணும் கருத்துமா வளர்க்கறோம்."

"செடி வளர்க்கறாராம்," என்றாள் மனைவி.

"பழைய போனுக்கு ஒரு அப்டேட் குடுக்கறது முடியாத காரியமா? யார் சொன்னது? நம்ம பசங்க மத்தியானத்துக்குள்ள முடிச்சுக் குடுத்துடுவாங்க." மாடி போன்காரர் தன்னையறியாமல் தலையை ஆட்டினார். "ஆனா ஒருத்தருக்குச் செஞ்சா எல்லாருக்கும் செய்யணும். எல்லாருக்கும் செஞ்சா எல்லார் போனும் ஓடும். எல்லார் போனும் ஓடிக்கிட்டே இருந்தா, இந்தக் கட்டடம் ஓடுமா?"

வேன்காரர் மனைவியின் பதிலுக்காகக் காதைச் சாய்த்தார்.

"மனித உயிர் எங்களுக்கு முக்கியம்மா. அதனாலதான் பாதுகாப்பில்லாத போனை நம்பி ஒரு உயிர் இருக்கக் கூடாதுன்னு சென்சார்காரங்ககிட்டச் சொல்லி அந்த எச்சரிக்கையையே எடுத்துட்டோம். இனிமே உங்களுக்குத் தப்பான எச்சரிக்கை ஒண்ணுகூட வராது."

இதற்கும் பதில் வரவில்லை. இப்படி ஒரு பேச்சுக்கு அவள் சும்மா இருக்க மாட்டாள். வேன்காரர் சட்டென்று திரும்பினார். மனைவி இயக்குநரையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஆனால் அந்தப் பார்வை அவர் மேல் இல்லை. அந்தக் குளிரிலும் மேலுதடு முழுக்க வியர்வை. "என்ன பண்ணுது?" என்று தோளை உலுக்கினார். "நல்லா… தானே…" என்றாள். நாக்கு குழறியது. வேன்காரர் சட்டைக்குள் கையை விட்டு டப்பாவை இழுத்தார். பொத்தான் ஒன்று தெறித்து இயக்குநரின் மேஜையில் விழுந்தது.

"திரவப் பொருள்!" என்று மேடம் எழுந்தார்.

வேன்காரர் காதில் எதுவும் விழவில்லை. மனைவியின் தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். "முழுங்கும்மா. முழுங்கு. இன்னும் ஒரு வாய்." ஜூஸ் வழிந்து கம்பளத்தில் சொட்டியது. சில்லுக்காரர் கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டார். மாடி போன்காரர் மட்டும் எழுந்து வந்து டப்பாவைச் சாய்க்காமல் பிடித்துக்கொண்டு நின்றார், அவருக்கு என்ன ஞாபகம் வந்ததோ. வேன்காரர் அழுதுகொண்டிருந்தார். அழுவது அவருக்கே தெரியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து மனைவி கண்ணைக் கொட்டினாள். வாயைத் துடைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"இவர் இன்னும் பேசி முடிக்கலையா?" என்றாள்.

இயக்குநர் முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. மேஜையைத் தட்டினார். "பார்த்தீங்களா? எல்லாரும் பார்த்தீங்களா? போன் இல்ல, சென்சார் இல்ல. அந்த அம்மாவுக்குச் சர்க்கரை இறங்கினதை இவர் கண்டுபிடிச்சிட்டாரு! மேடம், பதிவு பண்ணுங்க. பழைய போன் செஞ்சுக்கிட்டிருந்த வேலை, வெற்றிகரமா, கணவருக்கு மாற்றப்பட்டது. மனு நிறைவு."

எல்லாரும் கை தட்டினார்கள். காவலர்கூட வெளியிலிருந்து தட்டினார்.

"சார், நான் வேன் ஓட்டறவன் சார். நாள் பூரா நான் எப்படி…"

"அதுக்கும் வழிகாட்டுதல் இருக்கு." இயக்குநர் எழுந்து வந்து அவர் தோளில் கை வைத்தார். "பயனாளரை விட்டுப் பத்து மீட்டருக்கு மேல விலகக் கூடாது. பார்வை நேரா இருக்கணும், நடுவுல சுவர் வரக் கூடாது. ரொம்ப வெயில்ல நிக்காதீங்க, தண்ணி படாம பார்த்துக்குங்க. வேற எந்த வேலையும் ஓடக் கூடாது, கவனம் குறையும். நீங்க எங்களுக்கு ஒரு பெருமை சார்."

மாடி போன்காரர் தலையைக் குனிந்துகொண்டு வெளியே போய்விட்டார். மேடம் வேன்காரருக்கு ஒரு கைக்குட்டை கொடுத்தார். இந்தத் தடவை அது தேவைப்பட்டது.

ரொட்டி வேனை இப்போது வேறொருவர் ஓட்டுகிறார். முன்னாள் வேன்காரர் சூப்பர் மார்க்கெட்டில், மனைவியின் கவுண்டர் முடிகிற இடத்தில் நின்று, வாடிக்கையாளர்களின் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுக்கிறார். சம்பளம் கம்மி. வேலையும் சரியாக வருவதில்லை. கண் அவள் முகத்தில் இருப்பதால் முட்டைக்கு மேல் எண்ணெய்க் கேனை வைத்துவிடுகிறார். மேனேஜர் இதுவரைக்கும் பொறுத்துக்கொண்டிருக்கிறார், இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது.

மனைவி முன்பெல்லாம் வேலை நேரத்தில் வாயே திறக்க மாட்டாள். இப்போது பேச்சை நிறுத்துவதே இல்லை. வருகிறவர்களிடம் மழை வருமா என்பாள், வெங்காயம் இப்படி விற்றால் எப்படி என்பாள், குழந்தைக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்பாள். பதில் வந்தாலும் வராவிட்டாலும் பேசிக்கொண்டே இருப்பாள். ஆள் இல்லாத நேரத்தில் சோப்பு உறையில் இருப்பதைச் சத்தம் போட்டுப் படிப்பாள். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும்.

நேற்று ஒருத்தர், வேலை முடிந்து களைத்து வந்தவர், "கொஞ்சம் பேசாம பில் போடுங்களேம்மா, தலை வலிக்குது" என்றார்.

அவர் கேட்டதும் நியாயம்தான். மனைவி வாயை மூடிக்கொண்டு பில் போட்டாள். பாலும் சோப்பும் பருப்பும் சத்தமில்லாமல் நகர்ந்து போயின. பையின் பக்கம் ஏதோ விழுந்து உடைந்தது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கணவர் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, கையில் ஜூஸ் டப்பாவோடு, கவுண்டரைச் சுற்றி ஓடி வந்துகொண்டிருந்தார்.

"மன்னிச்சுக்குங்கண்ணே," என்றாள் அந்த வாடிக்கையாளரிடம், கட்டிப்போன குரலில். "நான் பேசிக்கிட்டேதான் இருக்கணும். பருப்பு ஒரு கிலோ. சோப்பு ரெண்டு. பால் ஒண்ணு…"